நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் பதில் எழுதுவார்?

தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தாகிவிட்டது. ஆசிரியர் கையில் டேப் வந்தாகிவிட்டது. இது நல்லதா கெட்டதா என்று நம் வயதுக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் பேச்சு. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் உட்கார்ந்தால், ஒருவர் "பிள்ளைங்க கண்ணு போயிடும்" என்பார். இன்னொருவர் "நம்ம காலத்துல இதெல்லாம் இருந்திருந்தா நான் கலெக்டர் ஆயிருப்பேன்" என்பார். (ஆகியிருக்க மாட்டார். அவரோடு முப்பது வருஷப் பழக்கம் எனக்கு.)

என் கருத்து இந்த இரண்டிலும் சேராது. கருவி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அது பிள்ளையைப் பார்க்க வைக்கிறது, எழுத வைக்கவில்லை. அதுதான் என் குறை.

குமாஸ்தா புத்தி, கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். 2018-ல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிய வேண்டும், 2025-க்குள் அது நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பிறகு 22 ஆயிரத்துக்கு மேல் ஸ்மார்ட் வகுப்பறைகள், ஏறக்குறைய 80 ஆயிரம் ஆசிரியர்களுக்கு டேப். கோடிக் கணக்கில் செலவு. ஏழைப் பிள்ளை படிக்கும் இடத்தில் பணம் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் எல்லாம் போக்குவரத்து ஒரே மாதிரிதான். மேலே இருந்து வீடியோ இறங்குகிறது, கீழே இருந்து மதிப்பெண் ஏறுகிறது. எங்கள் ஆபீசில் சர்குலர் வரும், ஸ்டேட்மென்ட் போகும். அதே கதைதான். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு எழுதும் கடிதம் அந்தக் கோப்பில் எங்கேயும் கிடையாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அங்கே எங்களுக்கு 'ரெதாக்சியோன்' என்று ஒன்று உண்டு, கட்டுரைப் பயிற்சி. ஒரு தடவை தலைப்பு: பனிக்கால மாலை. வெளியே புதுச்சேரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் தொட்டுக்குடிக்கும் புட்டியில் பேனாவை முக்கி, கூரையில் வெண்பனி விழுவதையும் கணப்பில் கட்டை எரிவதையும் எழுதினேன். இருபதுக்குப் பதினான்கு கிடைத்தது. இரண்டு உச்சரிப்புக் குறி விட்டுப்போனதற்காகக் குறைத்தார்கள். நான் பனியைப் பார்த்திருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளை வாசித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், அவரும் சிவப்பு மையோடுதான் வாசித்தார்.

அதே பிரெஞ்சு மொழியில், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, வேறு மாதிரி செய்து காட்டிய ஒரு வாத்தியார் இருந்தார் என்பது வேலைக்குப் போன பிறகு புத்தகம் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. செலெஸ்தேன் ஃப்ரெனே என்று பெயர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பட்டவர். தொடர்ந்து சத்தமாகப் பேசினால் மூச்சு வாங்கும். தெற்கு பிரான்சில் பார்-சுர்-லூ என்ற மலையோரக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு 1920-ல் போனார். பேசியே பாடம் நடத்த முடியாதவர் என்ன செய்வார்? பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போனார். தறிக்காரரையும் தச்சரையும் பார்க்க விட்டார். திரும்பி வந்து பார்த்ததைப் பிள்ளைகளே சொல்ல, அது பலகையில் ஏறியது. 1924-ல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பிலேயே வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொரு ஈய எழுத்தாகக் கோத்து, மை தடவி, தங்கள் வாக்கியத்தைத் தாங்களே அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், கடலோர பிரெத்தாஞ் பகுதியில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கேயிருந்து அவர்கள் தாள்கள் வந்தன. மலைப் பிள்ளை எழுதியதைக் கடல் பிள்ளை வாசித்தது.

அச்சு இயந்திரம் அன்றைக்குப் புது விஷயமே இல்லை. நானூற்றைம்பது வருஷப் பழசு. அதைப் பிள்ளை கையில் கொடுத்ததுதான் புதுசு. இன்றைக்கு அந்த இயந்திரமும், தபாலாபீசும், படம் எடுக்கும் பெட்டியும் சேர்ந்து ஆசிரியரின் பையில் இருக்கிறது. அதை வைத்து வருகைப் பதிவு போடுகிறோம்.

என் தம்பி மகள் இந்தப் பக்கத்தில் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம். ஃப்ரெனே கதையை அவளிடம் சொன்னபோது, "பெரியப்பா, நெட் சுத்தி முடிக்கிறதுக்குள்ள பீரியடே முடிஞ்சிடுது, நீங்க வேற" என்றாள். ஆனாலும் போன வருஷம் செய்து பார்த்தாள். அவளோடு பயிற்சி நிறுவனத்தில் படித்த தோழி ஒருத்தி நீலகிரியில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் இங்கே நாலாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தாங்கள் கண்டதை நாலு வரி எழுத வேண்டும். நோட்டில், பென்சிலால். அதைச் செல்போனில் படம் பிடித்து அங்கே அனுப்புவாள். அங்கிருந்தும் அப்படியே வரும். அதை இங்கே ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டு எல்லாரும் வாசிப்பார்கள். நெட் வேகம் கொஞ்சம் போதும், ஒரு படம்தானே.

ஏரிக்கரைக் குப்பத்துப் பையன் ஒருவன் பழவேற்காடு ஏரியைப் பற்றி எழுதினான். அப்பா இறால் பிடிப்பார், மடவை பிடிப்பார், பூநாரை வரும் என்று. மலையில் இருந்து கேள்வி வந்தது: ஏரித் தண்ணீர் குடிக்கலாமா? இவன் "உப்பு" என்றான். பக்கத்துப் பையன் "மழைக்காலத்துல உப்பு கம்மி" என்றான். சண்டை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வந்தார்கள். ஆற்று வெள்ளம் இறங்கும் மாதங்களில் உப்புக் குறையும், கோடையில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும், முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் மீன் வரத்தே மாறிவிடும். இதெல்லாம் பதிலில் போயிற்று. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினான். நாலு வரிக்கு மேல் அவன் எழுதி அதுவரை அவள் பார்த்ததில்லை. 'முகத்துவாரம்' என்ற சொல்லை மூன்று தடவை அழித்து எழுதினானாம். "அவங்களுக்குப் புரியணும் டீச்சர்" என்று காரணம் வேறு.

எழுத்துப்பிழை பற்றிப் பேசுகிற நண்பர்களுக்கு இதுதான் என் பதில். பிழை திருத்தச் சிவப்பு மையை விட வாசிக்கிற ஆள் மேல்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது எல்லை ஊர். வகுப்பில் பாதிப் பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசும். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த இந்திக்காரப் பிள்ளை இருக்கும். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாப் பிள்ளை தை மாதத்தில் வந்து மழைக்கு முன் போய்விடும். சூளைப் பிள்ளைகளுக்காக ஒடியா ஆசிரியரும் ஒடியாப் புத்தகமும் வரவழைத்துப் பள்ளி நடத்திய மாவட்டம்தான் இது, நல்ல காரியம். ஆனால் இப்படி வந்து போகிற பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் மிஞ்சுவது பதிவேட்டில் ஒரு கோடு. தம்பி மகள் வகுப்பில் ஒரு ஒடிசாச் சிறுமி, ஈரக் கல்லை வெயிலில் திருப்பிப் போடுவது எப்படி என்று படம் வரைந்து, கீழே தமிழில் ஆறு சொல் எழுதினாள். மலையில் இருந்து பதில் வந்தபோது குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அப்பாவின் செல் எண் இருந்ததால் பதிலை அதற்கு அனுப்பி வைத்தாள். இரண்டு நீலக் குறி விழுந்ததாம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. பிள்ளையின் முகம், முழுப்பெயர், வீடு எதுவும் ஊர் பார்க்கப் போகக் கூடாது. இப்போது பள்ளி விழா என்றால் முப்பது பிள்ளைகளின் முகத்தையும் முகநூலில் போட்டுவிடுகிறார்கள், பெற்றவரைக் கேட்பதில்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எழுத்து வெளியே போகட்டும், முகம் வீட்டில் இருக்கட்டும். ஒரு வகுப்பில் இருந்து இன்னொரு வகுப்புக்குப் போனால் போதும், உலகத்துக்கே போக வேண்டியதில்லை. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால், பள்ளிக் கல்வித் துறையே 2022-ல் தொடங்கிய 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது.

ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். உண்மையான கேள்வி அது. தம்பி மகள் நாளுக்கு எத்தனை விவரம் ஏற்றுகிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதில் இரண்டைக் குறைத்து வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் கொடுத்தால் போதும். எந்த இரண்டு என்று கேட்டால் பட்டியல் தருவாள்.

இந்த வருஷம் மலைப்பள்ளித் தோழிக்கு மாற்றல் வந்துவிட்டது. புது ஜோடி தேடிக்கொண்டிருக்கிறாள். அதுவரைக்கும் வாசிக்கிற ஆளாக நான் இருக்கிறேன், வாரம் இரண்டு தாள் வருகிறது. பதில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், அறிவுரை சொல்லக் கூடாது, கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. பென்ஷன் வாங்குகிறவர்கள் இன்னும் நாலு பேர் கிடைத்தால் வகுப்பு முழுக்க எழுதும் என்கிறாள். ஸ்டேஷன் பெஞ்சில் கலெக்டர் ஆகியிருக்க வேண்டியவரைக் கேட்டிருக்கிறேன்.