ஆமையா? முயலா?

எங்க ஏரியால (டொராண்டோவுக்கு வடக்கே, மார்க்கம்) நவம்பர் பொறந்தா ஒரு சனிக்கிழமை வரும். எல்லா வீட்டு கராஜும் திறந்து கிடக்கும், ஆளாளுக்கு ஸ்னோ ப்ளோயரை வெளிய இழுத்துப் போட்டு கயித்தை இழுத்துக்கிட்டு இருப்பாங்க. பத்து இழுப்புல ஸ்டார்ட் ஆயிட்டா முகத்துல ஒரு பெருமை. ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்துட்டு "நல்லாத்தான் ஓடுது"ன்னு உள்ள தள்ளிடுவாங்க.

நல்லாத்தான் ஓடுதுன்னா எவ்வளவு ஓடுது? யாரையாவது கேட்டுப் பாருங்க. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் அஞ்சு வருஷம் ஓட்டினேன்.

த்ராட்டில் நெம்புல ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருக்குமில்லையா? நம்ம ஆளுங்க பாதிப் பேர் அதை நடுவுல வச்சுத்தான் ஓட்டுறாங்க. பெட்ரோல் மிச்சமாம், சத்தம் குறைவாம், மெஷின் நிறைய நாள் உழைக்குமாம். சின்ன வயசுல கேட்ட ஆமை முயல் கதையோட பாதிப்பா இருக்கும் :-)

பக்கத்து வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் வந்த புதுசுல முயல் பக்கம் முழுசாத் தள்ளி ஓட்டினதைப் பார்த்துட்டு, "தம்பி, இப்பிடிக் கத்த விட்டா மெசின் கெதியிலை பழுதாப் போகும்"னார். பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஆமைக்கு மாறிட்டேன்.

2022 ஜனவரி 17. இங்க இருக்குறவங்க யாரும் அந்தத் திங்கக்கிழமையை மறக்க மாட்டாங்க. காலைல கதவைத் திறந்தா வாசப்படியையே காணோம். மத்தியானத்துக்கு மேல நகராட்சி வண்டி வந்து தெருவைத் தள்ளிட்டு, வழக்கம்போல நம்ம டிரைவ்வே வாசல்ல வயல் வரப்பு மாதிரி ஒண்ணைக் கட்டிட்டுப் போச்சு. உப்பும் தண்ணியும் கலந்து சிமெண்ட் மாதிரி இருக்கும் அது. அண்ணை பாதி த்ராட்டில்ல அதுக்குள்ள விட்டார். அடைச்சுது. நிறுத்திட்டுக் குச்சியால எடுத்தார். திரும்ப அடைச்சுது. நாலஞ்சு தடவை ஆனதும் பொறுமை போயிடுச்சு. எஞ்சினை நிறுத்திட்டு, அதான் நிறுத்தியாச்சேன்னு, புகைபோக்கி மாதிரி இருக்குமே அதுக்குள்ள கையை விட்டுட்டார்.

எஞ்சின் நின்னாலும் உள்ள இருக்குற விசிறி பனியில சிக்கி, பெல்ட் இழுவிசையோட முறுக்கேறி நிக்கலாம். அடைப்பு விலகின நொடியில அது கொஞ்சம் சுத்தும். கொஞ்சம்தான். அண்ணைக்கு நடுவிரல் நுனி போச்சு.

ஆஸ்பத்திரியில உக்காந்திருந்த அந்த நாலு மணி நேரத்துல எனக்கு ஓடின ஒரே கேள்வி, ஏன் இத்தனை தடவை அடைச்சுது? எனக்கும் அப்பப்போ அடைக்கும். ஈரப் பனின்னா அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ரெண்டு கட்ட மெஷின்ல முன்னாடி இருக்குற திருகு பனியை உள்ள இழுக்கும், பின்னாடி விசிறி தூக்கி எறியும். எறியுற தூரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 3600 சுத்துல 30 அடி எறியுற மெஷின், 3000 சுத்துல கணக்குப்படி 21 அடிதான் எறியும். காத்துத் தடையை விட்டுட்டுப் போடுற கணக்குதான், ஆனா போக்கு அதுதான். நனைஞ்ச பனின்னா எறியுற வேகம் பத்தாம குழாய்க்குள்ளயே அப்பிக்கும். அடைப்புங்கறது பனியோட குத்தம் மட்டும் இல்லை.

மெஷின் தேயும்ங்கறதும் தப்பு. இந்த எஞ்சின்கள் முழு த்ராட்டில்ல வேலை செய்யறதுக்குன்னே செஞ்சது. காத்துல குளிர்ற எஞ்சின், சுத்தினாத்தான் காத்து. ஆயிலும் பல எஞ்சின்கள்ல உள்ள இருக்குற ஒரு சின்னக் கரண்டி வாரி அடிச்சாத்தான் உண்டு. மெதுவா ஓட்டிப் பாரம் ஏத்துறதுதான் அதுக்குக் கொடுமை. இப்ப வர்ற சில மெஷின்கள்ல த்ராட்டில் நெம்பே கிடையாது, ஒரே வேகம்தான். நம்மளைப் பத்தி கம்பெனிக்காரனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு!

சரி, முயல் பக்கம் தள்ளியாச்சு. முயல் நெசமாவே முயல் வேகத்துல ஓடுதா? இங்கதான் நம்ம ஊர்க் காது ஏமாத்தும். எங்க ஊர்ப் பக்கம் பம்புசெட் மெக்கானிக் ஒருத்தர் சத்தத்தைக் கேட்டே எஞ்சினோட ஜாதகத்தைச் சொல்லுவார். அந்தப் பழைய லிஸ்டர் வகை டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுத்து, வினாடிக்கு அஞ்சு வெடி. 'டக் டக்'னு கிட்டத்தட்ட எண்ணிடலாம். இது 3600 சுத்து, வினாடிக்கு 30 வெடி. 3000க்கும் 3600க்கும் வித்தியாசத்தை என் காது கண்டுபிடிக்கும்னு நான் நம்பினது வெறும் திமிர்.

அதனால ஒரு டேக்கோமீட்டர் வாங்கினேன். ஸ்பார்க் பிளக் வயர்ல ஒரு கம்பியைச் சுத்துனா ஆர்பிஎம் காட்டுற வகை. ரெண்டு பேர் பீட்சா சாப்பிடுற காசுதான். மெஷினை வெளிய வச்சு (கராஜுக்குள்ள வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் புகை ஆளைக் கொல்லும்), அஞ்சு நிமிஷம் சூடாக்கி, சோக்கை முழுசா எடுத்துட்டு, திருகை ஓட விடாம, முயல்ல வச்சுப் பார்த்தேன்.

6080!

சத்தியமா ரெண்டு அடி பின்னாடி குதிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. ஃபோர் ஸ்ட்ரோக் ஆச்சேன்னு மீட்டரை ரெண்டு சுத்துக்கு ஒரு பொறின்னு வச்சிருந்தேன். இந்த ஒத்தை சிலிண்டர் எஞ்சின்கள்ல பெரும்பாலும் ஒவ்வொரு சுத்துக்கும் பொறி விழும், ஒண்ணு வீண் பொறி. அப்ப நிஜம் 3040. என் மேனுவல்ல போட்டிருந்தது 3600, கூடக்குறைய 150. (உங்க எஞ்சினுக்கு வேற நம்பரா இருக்கலாம், உங்க மேனுவலைப் பாருங்க.) அதாவது முழு முயல்லயே நான் அஞ்சு வருஷமா முக்கா முயல்தான்.

உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு கவர்னர் ஸ்க்ரூவைத் திருகப் போகாதீங்க. நான் சண்டை போடுறதே இதுக்குத்தான். எனக்கு வேகம் குறைஞ்சது, த்ராட்டில் கேபிள் கிளாம்புல வழுக்கி நெம்பு கடைசி வரைக்கும் போகாததால. கேபிளை இழுத்து இறுக்கினதும் 3420. எஞ்சின் ஏறி ஏறி இறங்குதுன்னா சோக்கைப் பாதி போட்டுப் பாருங்க. சரியாச்சுன்னா கார்புரேட்டர் ஜெட் அழுக்கு, மார்ச்ல விட்ட பழைய பெட்ரோலோட வேலை. மீட்டர் சரியாக் காட்டியும் பனி பக்கத்துலயே விழுதுன்னா பெல்ட்டைப் பாருங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஸ்க்ரூ. எஞ்சினை நிறுத்தி, வீட்டம்மாவோட நெயில் பாலிஷால அது இருந்த இடத்துல ஒரு கோடு போட்டுக்கிட்டு (தனியா ஒரு பதிவு போடுற அளவுக்குத் திட்டு வாங்கினேன்) கால் சுத்து மட்டும் திருகினேன். 3580. போதும்னு விட்டுட்டேன்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. கவர்னர் ஸ்ப்ரிங்கை இழுத்துக் கட்டி 4200ல ஓட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பனி விழுதுன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிறவங்க. 3600லேர்ந்து 4200ன்னா வேகம் ஆறுல ஒரு பங்குதான் கூடுது, ஆனா சுத்துற பாகங்கள் மேல விழுற விசை 36 சதவீதம் கூடுது. உள்ள இருக்குற கனெக்டிங் ராடு பெரும்பாலும் அலுமினியம். அது உடைஞ்சா எஞ்சின் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும், அப்ப பக்கத்துல நிக்கிறது நீங்க.

போன சனிக்கிழமை மீட்டரை எடுத்துக்கிட்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். முதல்ல "வேண்டாம் தம்பி, அது நல்லாத்தான் ஓடுது"ன்னார். நான் போகலை, நின்னுக்கிட்டே இருந்தேன். கடைசில அவரே கயித்தை இழுத்து, நெம்பை முயல் பக்கம் தள்ளி, மீட்டரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். 3610. மெஷின்ல ஒரு குறையும் இல்லை. மூணு நாலு செகண்ட் பேசலை.

"அப்ப முழுக்க விட்டிருக்கலாம்"னார். அப்புறம் அந்தக் கையை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்"னு உள்ள போயிட்டார்.

உங்க மெஷின் எவ்வளவு காட்டுதுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.