பேகல்னா நியூயார்க்கா? போங்கப்பா!

"பேகல்னா நியூயார்க்தான், மத்ததெல்லாம் டூப்பு" என்று இன்னொரு முறை யாராவது என்னிடம் சொன்னால் கடித்து வைத்துவிடுவேன். நியூஜெர்சியில் குப்பை கொட்டும் நம்ம பசங்களில் பாதிப் பேருக்கு இதுதான் வேதவாக்கு. வந்து மூணு வருஷம் ஆகியிருக்காது, அதற்குள் மன்ஹாட்டனில் பிறந்து வளர்ந்த மாதிரி பேச்சு.

போன லாங் வீக்கெண்ட் மான்ட்ரியல் போயிருந்தேன். மைல் எண்ட் என்கிற ஏரியாவில் நடக்கிற தூரத்தில் ரெண்டு கடை, ஃபேர்மவுண்ட், செயின்ட் வியேட்டர். பேகல் என்பது மாவை வளையமாக்கி, கொதிக்கிற தண்ணியில் போட்டெடுத்து, அப்புறம் அடுப்பில் சுடுகிற ரொட்டி. பார்க்கத்தான் மெதுவடை. நியூயார்க் பேகல் உப்பிப்போய் தலகாணி மாதிரி இருக்கும். இங்கே ஒல்லி வளையம், பெரிய ஓட்டை. மாவில் உப்பு போடுவதில்லை. கொதிக்கிற தண்ணியில் தேன். எள்ளில் புரட்டி, நீளமான பலகையில் வரிசையாக அடுக்கி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். சுடச்சுட காகிதப் பையில் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றேன். மேலே மொறுமொறு, உள்ளே அழுத்தமான லேசான இனிப்பு, எள் வாசனை. க்ரீம் சீஸ் வாங்கணும்னுகூட தோணவில்லை.

திரும்பி வந்து சொன்னால், "அது நியூயார்க்கோட காப்பிடா" என்கிறான் ஆபீஸ் நண்பன். யாரைப் பார்த்து யார் காப்பி? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து போன யூதர்கள் ரெண்டு ஊருக்கும் கொண்டுபோன ரொட்டி அது. ஃபேர்மவுண்ட் கடையின் மூலவர் ஐசடோர் ஷ்லாஃப்மன் மான்ட்ரியலில் பேகல் சுட ஆரம்பித்தது 1919-ல். செயின்ட் வியேட்டரை 1957-ல் ஆரம்பித்த மையர் லூகோவிட்ஸ் புச்சன்வால்ட் நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர். இவர்களைப் போய் டூப்பு என்பதற்கு ஒரு தைரியம் வேணும் சாமி.

அடுத்த ஜல்லி, "நியூயார்க் தண்ணி". தண்ணிதான் காரணம் என்றால் அந்த ஊரில் எல்லாக் கடை பேகலும் ஒரே மாதிரி இருக்கணுமே? ஏன் இல்லை?

காரணம் கை. நியூயார்க்கில் ஒரு காலத்தில் லோக்கல் 338 என்று பேகல் தொழிலாளர் சங்கம் இருந்தது. சுமார் 300 பேர், எல்லாம் கையால் உருட்டியவர்கள். டேனியல் தாம்சன் கண்டுபிடித்த பேகல் மெஷினை 1963-ல் கனெக்டிகட்டின் லெண்டர்ஸ் குடும்பம் வாடகைக்கு எடுத்தது. கையால் உருட்டுகிறவனுக்கு இருந்த பிடி போச்சு, ஃப்ரீசர் பேகல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பல இடங்களில் கொதிக்க வைப்பதையும் விட்டுவிட்டு, அடுப்பிலேயே நீராவி அடிக்க ஆரம்பித்தார்கள். நானே ஆட்டோமேஷன் எழுதி சம்பளம் வாங்குகிறவன், மெஷின் மேல் எனக்குக் காண்டு கிடையாது. ஆனால் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் வருகிற வளைய பன்னைத் தின்றுகொண்டு, இன்னமும் கையால் உருட்டுகிறவனைப் பார்த்து "டூப்பு" என்பதுதான் எரிச்சல். கையால் உருட்டுகிற கடைகள் நியூயார்க்கிலும் இருக்கின்றன. அவர்களுக்கு என் சலாம். என் சண்டை அவர்களோடு இல்லை.

விறகுப் புகை பற்றிக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன், அது நியாயமான கேள்வி. 2018-லிருந்து மான்ட்ரியலில் வீட்டு விறகு அடுப்புக்கே கடுமையான கட்டுப்பாடு. பக்கத்து வீட்டுக்காரன் நுரையீரலை அடகு வைத்து எனக்கு ருசி வேண்டாம். ஃபில்டரோ வேறு அடுப்போ, அதைப் பேசலாம்.

நண்பனோ அதைப் பேசவில்லை. கொண்டுவந்த ஒரு டஜனில் ஒன்றை மறுநாள் சாயங்காலம் கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குடா" என்று தீர்ப்பு. நேத்து சுட்ட பூரிக்கு இன்னைக்கு மார்க் போடுகிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பண்ண :-)