அப்புவின் படலம்

பெருங்காப்பியம் இயற்றிய புலவர் நூலின் பெரும்பகுதியைத் தலைமக்களுக்கே உரிமையாக்கினும், இடையே ஓடம் விடும் ஒருவனுக்கும் இடம் ஒதுக்குதல் உண்டு. குகன் பெயரால் ஒரு படலம் அமைந்திருத்தலை நாம் வகுப்பிலே கற்றிருக்கின்றோம். அத்தகைய படலமொன்றை நான் அண்மையில் கண்டது ஏட்டில் அன்று. அமெரிக்க நாட்டுச் சித்திரத் தொடர் ஒன்றிலாகும். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குச் சித்திரப் படத்தோடு யாது தொடர்பு என்று நகைப்பார் நகைக்க. அதனைப் பற்றி எனக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

'சிம்ப்சன்ஸ்' என்னும் அத்தொடர் 1989-ஆம் ஆண்டிறுதியில் தொடங்கியது. ஸ்ப்ரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில் வாழும் ஹோமர் சிம்ப்சன் என்பவரும் அவர் குடும்பத்தாருமே அதன் தலைமக்கள். அவ்வூரில் இரவு பகல் திறந்திருக்கும் கடையொன்றை நடத்தும் இந்தியனே அப்பு. 1990-இல் முதன்முதல் தோன்றிய இவனுக்குச் சத்யஜித் ராய் 1955 முதல் 1959 வரை வெளியிட்ட மூன்று வங்கப் படங்களின் நாயகன் பெயரையே இட்டனர். அது சிறந்த பெயர்தான். ஆயின் அதனுடன் ஒட்டிய 'நஹசபீமபெட்டிலான்' என்னும் குடும்பப் பெயருக்கு நன்னூல் முழுதும் புரட்டினும் புணர்ச்சி விதி கிடையாது! கேட்டோர் நகைத்தற்பொருட்டே நீட்டப்பட்ட பெயர் அஃது. இவ்வாறு ஆறாண்டுகள், வருவோர்க்கு நன்றி கூறி மீண்டும் வருமாறு அழைத்துவிட்டு மறைவதே பெரும்பாலும் அவன் தொழிலாயிருந்தது.

1996-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அவனுக்கென்றே ஒரு படலம் ஒளிபரப்பாயிற்று. ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகமொன்றின் பெயரைத் திரித்து அதற்குத் தலைப்பிட்டனர். கதை கரடியொன்றில் தொடங்குகின்றது. வழி தவறிய கரடி ஊருக்குள் வர, மக்கள் கூக்குரலிட, கரடிக் காவற்படை அமைகின்றது. அதற்கென 5 டாலர் வரி விதித்தவுடன் மறுபடியும் கூக்குரல். மேயர் என் செய்வார்? வரிச்சுமைக்குக் காரணம் உரிமையின்றிக் குடியேறியவரே என்று பழியைத் திருப்பிவிட்டு, அவரை நாடு கடத்தும் 24-ஆம் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகின்றார். காவற்படை வந்தபின் கரடியே காணோம் என்று ஹோமர் மகிழுங்கால், அவர் மகள் லிசா ஒரு கல்லை எடுத்து, இக்கல் புலியை விரட்டும், இங்கே புலி ஒன்றும் இல்லையே என்கின்றாள். தந்தையார் அக்கல்லை விலைக்குக் கேட்கின்றார்! தருக்க நூலார் பல பக்கங்களில் விளக்கும் போலி ஏதுவை இதனினும் தெளிவாக நான் எங்கும் கண்டிலேன்.

இது வெறுங்கற்பனையும் அன்று. 1994-இல் கலிபோர்னியா மாகாணத்தார் 187-ஆம் தீர்மானம் என ஒன்றை வாக்களித்து நிறைவேற்றினர். முறையான உரிமையின்றி வாழ்வோர்க்கு அரசாங்கப் பள்ளியையும், அவசர சிகிச்சை ஒழிந்த மருத்துவ உதவியையும் மறுப்பது அதன் நோக்கம். நீதிமன்றம் தடுத்தமையால் அஃது உயிர்பெறவில்லை.

அப்பு தன் வரலாற்றைக் கூறுமிடத்தே, கணிப்பொறித் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவன் அவன் என்பதை நாம் அறிகின்றோம். படிப்பிற்கு வாங்கிய கடனை அடைக்கவே கடையில் அமர்ந்தான். கடன் தீர்ந்தும் நண்பர்கள் வாய்த்தமையால் ஊரைவிட்டு நீங்கவில்லை. அதற்குள் அனுமதிக் காலமோ கழிந்துவிட்டது. ஆறாண்டுகள் நகைப்புக்கிடமாயிருந்த ஒருவனுக்கு அரைமணி நேரப் படத்தில் ஒரு கடந்த காலம் கிடைத்துவிடுகின்றது.

என் உள்ளத்தை நெடிது நிறுத்திய காட்சி அதன் பின்னர் வருவது. 2,000 டாலர் கொடுத்துப் போலிச் சான்றுகளைப் பெற்ற அப்பு, மாட்டிடையர் தொப்பி அணிந்து, அமெரிக்கர் போலவே பேசத் தொடங்குகின்றான். சிறிது நேரத்தில் பெற்றோரையும் பிறப்பையும் மறைத்தல் ஆற்றாது வருந்தி, அவ்வேடத்தைக் களைந்துவிடுகின்றான். நன்று. ஆயினும் அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா; நியூயார்க்கில் பிறந்த வெள்ளையர். ஆதலின் அப்பு தன் குரலை மறைத்துப் பேசும் அந்தச் சில நொடிகளிலேதான் நடிகரின் நாட்டுப் பேச்சு வெளிப்படுகின்றது. அப்பு தன்னியல்புக்கு மீண்டான் என்று நாம் மகிழும்போதோ நடிகர் மறுபடியும் வேடம் புனைகின்றார். எழுதியவர் இதனைக் கருதினாரோ, அறியேன். அதனை உணர்ந்தபின் அக்காட்சியை முன்போல் என்னால் காண முடியவில்லை.

முடிவில் அப்பு குடியுரிமைத் தேர்வில் வெற்றி பெறுகின்றான். உள்நாட்டுப் போரின் காரணம் யாது என்று வினவப்பட, அவன் பல காரணங்களை நுணுகி விரிக்கத் தொடங்குகின்றான். தேர்வாளரோ, அடிமை முறை என்று மட்டும் சொல்லி முடிக்குமாறு பணிக்கின்றார். (நம் தேர்வு மண்டபத்தில் இத்தகைய கருணை காணக் கிடைப்பதில்லை.) அப்பால் தீர்மானமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாக்குகளால் நிறைவேறுகின்றது. நாடு கடத்தப்படுபவன் பள்ளித் தோட்டக்காரன் வில்லி என்னும் ஸ்காட்லாந்தியன். அவனும் பேச்சின் ஒலிக்காக நகைக்கப்படும் துணைப்பாத்திரமே. ஒரு சிறியோனை உயர்த்திய படலம் மற்றொரு சிறியோனைக் கப்பலேற்றி நகைப்பது எனக்கு உடன்பாடன்று.

இப்படலம் ஒன்றே அப்புவுக்கு இழைத்த குறையை ஈடு செய்துவிட்டது என்பாரோடும் நான் உடன்படேன். 2017-இல் ஹரி கொண்டபோலு என்னும் நகைச்சுவைக் கலைஞர் ஓர் ஆவணப்படம் வெளியிட்டு, இந்திய வழிவந்த பிள்ளைகள் அக்குரலாலேயே ஏளனம் செய்யப்பட்டமையை எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு தொடரிலேயே லிசாவின் வாயால், முன்பு பாராட்டப்பட்டது இன்று குற்றமாயின் என் செய்வது என்னும் பொருள்பட விடையிறுத்தனர். அன்று கல்லால் தந்தைக்கு அறிவு புகட்ட முயன்ற பெண்ணின் வாயில் அது பொருந்தவேயில்லை. 2020-இல் அஸாரியா அப்பாத்திரத்தினின்று விலகினார். அடுத்த ஆண்டு மன்னிப்பும் வேண்டினார். அவர் செய்தது தக்கதே. ஆயின் கார்ல், டாக்டர் ஹிப்பர்ட் முதலிய கறுப்பினப் பாத்திரங்களுக்கு வேறு நடிகர் அமர்த்தப்பட, அப்புவோ வாயின்றிக் கூட்டத்தில் நிற்கவிடப்பட்டான். தவறான குரலை நீக்கியவர் சரியான குரலைத் தேடியிருக்க வேண்டாவா? டாக்டர் பட்டமும் கடனும் குற்றவுணர்ச்சியும் உடைய ஒருவனை, அவன் கடையோடு சேர்த்துப் பூட்டிவிடுதல் அவனுக்கு நீதி செய்ததாகாது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்நாட்டினின்று வந்திருந்த என் சிற்றன்னையின் மகனிடம் இப்படலத்தைப் புகழ்ந்து கூறினேன். விவிலியப் பெயர் உடையவன் அவன். ஆயினும் பள்ளியில் தன்னை அப்பு என்றே அழைத்தனர் என்றான். நான் வாளாவிருந்தேன். பின்னர் இருவரும் அதனைச் சேர்ந்தே கண்டோம். தொப்பி அணிந்த காட்சியில் அவன் முகம் மாறவில்லை. தேர்வுக் காட்சியில் மட்டும் வாய்விட்டு நகைத்தான். தன் தாயார் அத்தேர்வுக்குச் சென்ற காலத்தில், சமையலறையில் நின்று வினாக்களை ஒவ்வொன்றாய்க் கேட்டுப் பயிற்றியவன் தானே என்றும், அம்மாவும் அவ்வாறே வேண்டியதினும் மிகுதியாக விடை கூறுவார் என்றும் சொன்னான்.