இதழியல் பட்டம் எம்மக்களுக்கு?

விருதுநகர் மொழியுணர்வுக்கு உயிர்விலை கொடுத்த மண். இந்நிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயர் சூட்ட வேண்டுமென்று 1956-இல் அங்கு உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார் அந்நோன்பிலேயே உயிர்நீத்தார். 1969-இல் பெயர் தமிழாயிற்று. உயர்கல்வி தமிழாயிற்றா?

அம்மாவட்டத்து இளைஞர் இதழியலில் முதுகலை பயில விரும்பினால் அண்மையிலேயே மதுரைப் பல்கலைக்கழகம் உண்டு. 1966-இல் தோன்றிய அது, பின்னர் விருதுநகர் ஈன்ற காமராசரின் பெயரைத் தாங்கியது. இதழியலுக்கும் அறிவியல் தொடர்பியலுக்கும் அங்குத் துறை உண்டு. எனவே துறைக்குக் குறைவில்லை, தமிழுக்குத்தான் குறைவு. நாடெங்கும் இப்படிப்பின் அடிப்படை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. தமிழ் மக்களுக்குச் செய்தி சொல்ல வேண்டியவர் ஆங்கிலத்தில் எண்ணப் பழகுகிறார்.

இதன் கேட்டைச் சிவகாசி வட்டாரத்தில் காணலாம். 2012-இல் முதலிப்பட்டி வெடி ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; காக்க ஓடியவரும் அவருள் அடங்குவர். 2021-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் அதே அழுகுரல். முதல்நாள் இறந்தோர் எண்ணிக்கை, மறுநாள் இழப்பீடு, மூன்றாம் நாள் அமைதி! உரிமம் எவர் பெயரில்? ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டதா? ஓர் அறையில் எத்தனை பேர்? முந்தைய நாளின் மிச்சக் கலவை அழிக்கப்பட்டதா? ஈரம் பட்டால் அலுமினியத் தூள் சூடேறும் என்பதைத் தொழிலாளிக்கு எவர் சொன்னார்? இவற்றைக் கேட்பதே இதழியல்.

2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடுத்தது. தீர்ப்பும் ஆங்கிலம், பாதுகாப்பு விதிகளும் ஆங்கிலம். மருந்தை அள்ளும் கைகளுக்கு அவற்றை எளிய தமிழில் சேர்ப்பது செய்தியாளர் கடமை. அக்கடமைக்கு உரிய சொல்லாற்றலை வகுப்பறை தரவில்லையெனில் பட்டத்தால் பயன் என்ன?

'தமிழில் நூல் ஏது?' என்பர். 1942-இல் மதுரையில் 'தந்தி' தொடங்கிய ஆதித்தனார் 'இதழாளர் கையேடு' எழுதிக் காட்டினார். 2025-இல் தமிழ்நாட்டரசு சென்னையில் நிறுவிய இதழியல் கல்வி நிறுவனம் தமிழையும் பயிற்றுமொழியாகக் கொண்டது. ஆகவே முடியாதென்பது சோம்பலின் மறுபெயர்.

முதுகலை இதழியலில் தேர்வையும் ஆய்வேட்டையும் தமிழில் எழுதும் உரிமை முழுமையாதல் வேண்டும். ஒரு பருவமேனும் மாணவர் வெடி ஆலைச் சிற்றூர்களில் களப்பணி செய்தல் வேண்டும். தொழிற்சட்டமும் வேதியியலும் தமிழிலேயே பயிற்றப்படல் வேண்டும். ஆசிரியர் நூல் எழுதுக! சேரும் மாணவர் இவற்றைக் கேட்டுப் பெறுக!

நாடெங்கும் தொங்கும் நாட்காட்டிகளை அச்சிடும் ஊர் சிவகாசி. அவ்வூர் உழைப்பாளியின் உண்மையையும் அச்சேற்றும் தமிழ் இளைஞரைப் பல்கலைக்கழகம் உருவாக்கட்டும்!