யார் நல்ல ஆட்டக்காரன்?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை எனக்கும் என் தமக்கையின் மகனுக்கும். அவனுக்கு வயது 17; எனக்கு 46. "இதற்குப் போய் ஒரு சண்டையா?" என்று என் தமக்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் கைபேசியில் 'பி.ஜி.எம்.ஐ.' என்ற விளையாட்டை ஆடுகிறவன். 2020-ல் நம் நாட்டில் 'பப்ஜி' தடை செய்யப்பட்ட பிறகு, 2021-ல் இந்தப் பெயரோடு வந்த விளையாட்டு அது. ஏறக்குறைய நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதிக்கிறார்கள். நால்வர் நால்வராக அணி சேர்ந்து ஒருவரையொருவர் சுட்டுக் கொள்கிறார்கள். கடைசியில் எஞ்சும் அணி ஜெயிக்கிறது. இந்த விவரம் போதாத வாசகர்கள் தங்கள் வீட்டுப் பையன்களைக் கேட்கலாம். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆள் குறைகிறது என்று என்னையும் சேர்த்துக் கொண்டான். அவன், அவனுடைய சிநேகிதன், நான். நாலாவதாக முகம் தெரியாத ஒரு மலையாளப் பையன். நான் ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றேன், எவனோ சுட்டான், விழுந்தேன். இந்த விளையாட்டில் சுடப்பட்டவன் உடனே சாவதில்லை. மண்டியிட்டுத் தவழ்கிறான். தோழன் ஒருவன் பக்கத்தில் வந்து சில விநாடிகள் உட்கார்ந்திருந்தால் மறுபடி எழுந்துவிடலாம்.

"மாமா அவுட்டுடா!" என்று, பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, என் மருமான் துப்பாக்கிச் சத்தம் கேட்ட திசையில் ஓடினான். சிநேகிதனும் ஓடினான். மலையாளப் பையன் மட்டும் ஒரு புகைக் குண்டை வீசி, அந்தப் புகைக்குள் வந்து என் அருகே உட்கார்ந்தான். நான் எழுந்தேன். என்னை ஒரு குளியலறைக்குள் போகச் சொல்லிவிட்டு வெளியே நின்றவன், அங்கேயே சுடப்பட்டான். ஓடிய இருவரையும் ஒரு முழு அணி சூழ்ந்து கொண்டு தீர்த்துவிட்டது. நான் எப்போது செத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

கணக்கு வந்தது. என் மருமானுக்கு 9 'கில்'. அந்தப் பையனுக்கு 0.

"சரியான நூப், மாமா. ஒரு கில்கூட இல்லை."

"உங்களில் ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்" என்றேன் நான்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

கொன்றவன் எண்ணிக்கைதான் ஆட்டத்தின் அளவுகோல் என்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். நான் கேட்கிறேன்: அப்படியானால் உங்களை ஏன் நால்வராகச் சேர்த்தார்கள்? தனியாகவே இறங்கி ஆட அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறதே! நால்வராக இறங்கிவிட்டு ஒருவனாக ஆடுகிறவனுக்கு ஆட்டமே புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

'டோட்டா 2' என்று இன்னொரு விளையாட்டு. ஐவருக்கு எதிரே ஐவர். அணிக்குக் கிடைக்கும் பொன்னில் யாருக்கு முதல் உரிமை என்பதை வைத்து, ஆடுகிறவர்களே தங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் ஆளுக்குக் கடைசிப் பங்கு. எதிரி வருவதைக் காட்டும் காவல் கம்புகளை இருட்டில் நட்டுவிட்டு வருவது, முதல் ஆள் சாகப் போகும்போது குறுக்கே விழுந்து தான் சாவது: இவை அவன் உத்தியோகம். இந்த விளையாட்டின் உலகப் போட்டியில் 2018-லும் 2019-லும் 'ஓஜி' என்ற அணி வென்றது. அந்தப் பட்டத்தை இரண்டு முறை பெற்ற முதல் அணி அதுதான். 2019-ல் மொத்தப் பரிசு 3 கோடி டாலருக்கும் மேல். அந்த அணியின் தலைவர், டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் சுன்ட்ஸ்டைன், எந்த இடத்தில் ஆடினார் தெரியுமா? ஐந்தாம் ஆளாக!

இதைச் சொன்னதும் மருமான் கேட்டான்: "அப்படின்னா திறமையே வேண்டாமா, மாமா? நல்ல மனசு இருந்தா போதுமா?"

போதாது. போதும் என்றால் நானல்லவா பெரிய ஆட்டக்காரன்! கதவைத் திறக்கத் தெரியாத என் நல்ல மனத்தால் ஒருவன் உயிர் போனதுதான் மிச்சம். நாலு பேருடைய அரைமணி நேரத்தை வாங்கிக் கொள்கிறவன் தன் வேலையைக் கற்றுக் கொண்டு வர வேண்டும். அந்தப் பையன் எனக்காக இரக்கப்பட்டான் என்று நான் சொல்லவில்லை. புகையை எங்கே வீசுவது, எப்போது வருவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் பழகிப் பெற்ற வித்தைதான். அதைக் கணக்கில் எழுத ஒரு கட்டம் இல்லை என்பதற்காக அது வித்தை இல்லை என்று ஆகிவிடுமா?

எண்ணிக்கை ஒன்றே பெரிது என்றால் அது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஒரு 'கவுண்டர் ஸ்ட்ரைக்' போட்டியில், நம் நாட்டு அணி ஒன்றில் ஆடியவர் குறி பார்க்க உதவும் திருட்டு மென்பொருளைத் தம் கணினியில் வைத்திருந்தார். ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. தவறே செய்யாத நால்வரும் தெருவில் நின்றார்கள். சுட்டு வீழ்த்துவதுதான் ஆட்டம் என்றால் அந்த மென்பொருளைவிடச் சிறந்த ஆட்டக்காரன் உண்டா?

இந்தப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எண்ணைப் பார்த்து ஆளை மதிக்க அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையனிடம் "எத்தனை மார்க்கு?" என்பதைத் தவிர வேறு என்ன கேட்டிருக்கிறோம்? இப்போது, "எல்லாம் வீண் பொழுது, இதில் நல்ல ஆட்டக்காரன் என்ன, கெட்ட ஆட்டக்காரன் என்ன?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். அதனால் பூட்டிய அறைக்குள் அவன் யாரிடம் என்ன பேசுகிறான் என்று கேட்க ஒருவருமில்லை.

என் தமக்கையின் மகளும் அதே விளையாட்டை ஆடுகிறாள். ஆனால் மைக்கை மூடிக் கொண்டு. எதிரி எந்தப் பக்கம் என்று வாயால் சொல்வதுதான் அங்கே பாதி ஆட்டம். "ஏனம்மா பேசாமல் ஆடுகிறாய்?" என்று அண்ணன் எதிரிலேயே கேட்டேன்.

"பொண்ணுன்னு தெரிஞ்சா அசிங்கமா பேசுவாங்க, மாமா. அப்புறம் எங்க விளையாடறது? ஆள் வர்றது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். டீம் தோத்துடும்."

மருமானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன்டி பேசினான்? ஐ.டி.யைச் சொல்லு!" என்று எழுந்தான்.

"உட்கார். தோற்ற கோபத்தில் நீ யாரையும் அப்படிப் பேசியதே இல்லையா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. தங்கை கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இந்த ரூம் சுவரு மெல்லிசு, மாமா."

மரியாதை என்பது ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற அலங்காரம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கண் உள்ள ஒருத்தியை ஊமையாக்கிவிட்டுத் தோற்கிறவன் மோசமான மனிதன் மட்டுமல்ல, மோசமான ஆட்டக்காரனும்கூட. நல்ல ஆட்டக்காரன் யார் என்று தெரிய வேண்டுமானால் கணக்குப் பலகையைப் பார்க்க வேண்டாம். அவனோடு ஆடித் தோற்ற மற்ற மூவரைக் கேளுங்கள், இன்னொரு முறை அவனோடு இறங்குவார்களா என்று. நான் அந்த மலையாளப் பையனோடு இறங்குவேன். அவன் என்னோடு இறங்க வேண்டுமே என்றுதான் இப்போது தினமும் கதவு திறக்கப் பழகிக் கொண்டிருக்கிறேன்.