டிக்கியில் தூங்கிய ஜாக்கி

போன மாசம் பாண்டிச்சேரி போகும் வழி. செய்யூர் பக்கம், உப்பளக் காற்றில், டயர் பஞ்சர். டிக்கியில் ஜாக்கி இருந்தது. ஏழு வருஷமாக அங்கேயேதான் இருந்தது, அதுதான் பிரச்னை. மரை துருவேறிப்போய், தம் கட்டிச் சுற்றினால் என் தொப்பைதான் ஏறி இறங்கியது, கார் ஏறவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் குழந்தை.

"ஆபீஸ் ஃபைலைத் தவிர வேற எதையாவது திறந்து பார்ப்பீங்களா?" என்றாள் மனைவி.

லாரியை ஓரங்கட்டி இறங்கினார் ஒரு டிரைவர் அண்ணன். முதலில் குழந்தையை இறக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்குக் கல், அப்புறம்தான் தன் ஜாக்கி. காசு வாங்கவில்லை. "கடக்காத்து சார், இரும்பைத் தின்னுடும். மழைக்கு முன்ன ஒருவாட்டி, பின்ன ஒருவாட்டி கிரீஸ் வைங்க!"

மறுநாளே செய்தேன். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டீசல் துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி, முழுக்க ஏற்றி இறக்கினேன். அப்பி வைத்தால் மணல் ஒட்டி மரையையே அரைத்துவிடும். பட்டன் அமுக்கும் 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஜாக்கிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பலதிலும் உள்ளே அதே மரைதான். எந்த ஜாக்கியானாலும், அதை நம்பிக் காருக்கடியில் மட்டும் தலையை நீட்டாதீர்கள்.

கிரீஸ் கையோடு நிமிர்ந்தேன். "அப்படியே என் தையல் மெஷினுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய்" என்றாள். அதுவும் ஏழு வருஷப் பாக்கி!