ஐப்பசி மழையில் திரும்பி வரும் பூனை வாடை

சித்திரை வெயிலில் இல்லாத வாடை ஐப்பசி அடைமழையில் மட்டும் எங்கிருந்து வருகிறது? பூனை, நாய் வளர்க்கும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. ஜூன் மாதத்தில் ஒருநாள் குட்டி சோபா ஓரத்தை நனைத்துவிட்டது. அப்போதே ஃபினாயில் போட்டுத் துடைத்தாயிற்று, வாடையும் போய்விட்டது. நாலு மாதம் கழித்து, ஜன்னலைச் சாத்திவைத்து ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போடும் நாள்களில், அதே மூலையிலிருந்து அதே நெடி. 'திரும்பவும் போயிருச்சு பாரு' என்று பழி பூனையின் தலையில் விழும். பெரும்பாலும் பூனை புதிதாக ஒன்றும் செய்திருக்காது. காய்ந்து கிடந்த பழைய கறைதான் ஈரக்காற்றில் விழித்துக்கொண்டிருக்கும்.

இது வெறும் மூக்குப் பிரச்னையாக நிற்பதில்லை. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளர் மாடியேறி வருகிறார். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் விழுகிறது. உறவினர்கள் வாசலோடு பேசிவிட்டுக் கிளம்புகிறார்கள். கடைசியில், குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, பூனையைப் பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த பூனைக்கு மார்க்கெட்டில் பிழைக்கத் தெரியாது. பட்டினி கிடக்கும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இவ்வளவுக்கும் காரணமான வாடையை, மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பெரும்பாலும் போக்கிவிட முடியும்.

சிறுநீர் வெளியே வந்த உடனே அவ்வளவாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். பூனைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. 'இது பூனை வாடை' என்று எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிவது அவற்றால்தான். கருத்தடை செய்யாத கடுவன் பூனையிடம் ஃபெலினின் அதிகம் என்பதால் நெடியும் அதிகம். தண்ணீர் வற்றியதும் இவையெல்லாம் உப்போடு சேர்ந்து தரை இடுக்கிலும் பஞ்சிலும் படிந்துவிடும். காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சும். பாக்டீரியா மறுபடியும் வேலையைத் தொடங்கும். மழைக்கால வாடையின் ரகசியம் இவ்வளவுதான்.

(கடைப் பாட்டில்கள் பலவற்றில் 'யூரிக் அமிலப் படிகம்தான் எதிரி' என்று எழுதியிருக்கிறது. மனிதருக்கு அது பொருந்தலாம். நாயும் பூனையும் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை அலன்டாயின் என்ற, நீரில் நன்றாகக் கரையும் பொருளாக மாற்றித்தான் வெளியேற்றுகின்றன. டால்மேஷன் நாய் இதற்கு விதிவிலக்கு. பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.)

ஃபினாயில் ஏன் கூடாது?

நம் வீடுகளில் முதலில் கை போவது ஃபினாயிலுக்குத்தான். அது வாடையை மறைக்கிறதே தவிர, கறையை உடைப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து பூனைக்கு. ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவது அதன் பிறவிக் குணம். கறுப்பு ஃபினாயில், பைன் எண்ணெய் சேர்ந்த வெள்ளை ஃபினாயில், தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் எல்லாமே பூனை வீட்டுக்கு ஆகாதவை. வாடை தெரியாமலிருக்க மூலையில் அந்துருண்டை போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; அது நாய், பூனை இரண்டுக்குமே விஷம்.

பிளீச்சிங் பவுடர் இன்னொரு வம்பு. சிறுநீரின் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். அதன்மேல் வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ ஊற்றினால் குளோரின் வாயுவே வரும். சன்னல் இல்லாத குளியலறையில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சாம்பிராணி போடுவதில் தப்பில்லை, ஆனால் அது பூஜைக்கு. கறைக்கு அல்ல.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

பாதி வீடுகளில் சுத்தம் செய்வது ஓரிடம், கறை இருப்பது வேறிடம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று போதும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரை, சுவரின் கீழ்ப்பகுதி, சோபாக் கால், கேஸ் சிலிண்டர், கதவுநிலை என்று மெதுவாக அடித்துப் பார்த்தால், காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத்தூள் கறைகூட ஒளிரும் என்பதால், ஒளிரும் இடத்தில் மண்டியிட்டு மூக்கை வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கூச்சப்பட்டால் ஆகாது. சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துவிட்டால் காலையில் வேலை சுலபம்.

கறையை உண்மையில் உடைப்பவை என்சைம்கள். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே என்சைம் கிளீனர் கிடைக்கிறது. கைக்கு அடக்கமான மாற்று, என்சைம் உள்ள சலவைத்தூள். பாக்கெட்டின் பின்புறம் 'என்சைம்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். 1 பங்கு தூளுக்கு 9 பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு கறையில் தாராளமாக ஊற்றி, கால் மணி நேரமாவது ஊறவிட்டுத் துடைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை லேசாகத் தெளித்துத் துடைத்தால், மிச்சமிருக்கும் பிசுக்கும் வாடையும் போகும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும், பிராணி வேறு அறையில் இருக்க வேண்டும். பாலிஷ் போட்ட மரத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு: சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, மருந்தும் அவ்வளவு ஆழம் இறங்க வேண்டும். மேலோட்டமாக ஸ்பிரே அடித்து உடனே துடைத்துவிட்டு 'ஆயிரம் ரூபாய் தண்டம்' என்று சொல்வதில் நியாயமில்லை. பழைய கறை என்றால் என்சைம் கிளீனரை ஊற்றி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, இரவு முழுக்க ஈரமாகவே வைத்திருக்கலாம். முன்பு ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்ட இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை என்சைமையே முடக்கிவிடும்.

பழத்தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் வீட்டு 'பயோ என்சைம்' பற்றிப் பலரும் கேட்பதுண்டு. சிங்க் கழுவ அது நல்ல சரக்கு. இங்கே அதன் வேலை பெரும்பாலும் புளிப்பு அமிலத்தின் வேலைதான். வினிகரும் அதைச் செய்துவிடும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது.

வினிகரைச் சரிபாதித் தண்ணீரில் கலந்து துடைத்தால் அம்மோனியா நெடி தணியும். ஆனால் தரை எது என்று பார்க்க வேண்டும். மார்பிள், மொசைக், கடப்பாக் கல், ஆத்தங்குடி டைல்ஸ் எதற்கும் அமிலம் ஆகாது; பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் குடிக்காது, அதன் இடுக்கிலுள்ள வெள்ளை சிமென்ட்தான் குடிக்கும். எவ்வளவு கழுவியும் இடுக்கு நாறினால், பழைய சிமென்ட்டைச் சுரண்டியெடுத்து எபாக்ஸி பூசச் சொல்வதே தீர்வு. சுவரும் அப்படித்தான். கழுவிக் காயவிடாமல் மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் அடுத்த மழைக்கே வாடை வெளியே வந்துவிடும்.

மெத்தை நனைந்தால் தேய்க்கக் கூடாது. பழைய வேட்டியை மடித்து வைத்து, மேலே ஏறி நின்று ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீரும் நீராவியும் வேண்டாம். சூடு பட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். என்சைம் கரைசல் ஊற்றி, ஒற்றி, ஆப்பசோடா தூவி, மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் போதும். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் உறையைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் மாற்றிவிடலாம். ஃபோம் மெத்தையில் அந்த வசதி இல்லை.

வாடைக்குப் பின்னால் வலி

ஒழுங்காகப் பழகிய பிராணி திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால், துடைப்பத்தைத் தேடும் முன் மருத்துவரைத் தேட வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, முனகியும் சொட்டுச் சிறுநீர் வராமலிருந்தால் அது அவசரம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டுச் சுவரில் பீய்ச்சுவது வேறு கதை; அது எல்லை போடுவது. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் இதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். பழக்கம் ஊறுவதற்கு முன்பே செய்வது நல்லது.

மணல் தட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எத்தனை பூனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. வாஷிங் மெஷின் பக்கத்திலோ சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகிலோ வைத்தால் பூனை அந்தப் பக்கமே போகாது. நாளுக்கு இரண்டு முறை அள்ளிப் போட வேண்டும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த வேலை மற்றவர்களுடையது.

நாய் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், துடைக்கும்போது கையுறை அணிவதும் இதற்காகத்தான். தப்பு செய்த நாயின் மூக்கை அதிலேயே தேய்ப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் மறைவாகப் போவது.

கருத்தடை செய்த வயதான பெட்டை நாய், தூங்கும்போது தன்னை அறியாமல் படுக்கையை நனைக்கும். 'வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்' என்று அதைக் கொண்டுபோய் வெளியே கட்டிவிடுகிறார்கள். சிறுநீரை அடக்கும் தசை தளர்வதால் வரும் இந்தக் கசிவுக்கு மாத்திரை உண்டு. பல நாய்களுக்கு நன்றாகவே கேட்கிறது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலோ, சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். போகும்போது காலைச் சிறுநீரைச் சுத்தமான சின்ன டப்பாவில் பிடித்துக்கொண்டு போனால் பரிசோதனை சீக்கிரம் முடியும். மருந்து பலன் தரும்வரை, கைக்குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டுவிட்டால், நாயும் உள்ளேயே தூங்கும். காலையில் துவைக்க வேண்டியது ஒரு புடவை மட்டும்தான்.